மூன்று தொட்டியில் நின்ற நிறம்

அனிதா மேரிக்குத் தன் நாத்தனார் ரோஸ்லின் மீது கோபம் வந்தால் மீன் தொட்டிக் கண்ணாடியைத் துடைக்க உட்கார்ந்துவிடுவாள். சின்னமனூரில் அவள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் அந்த நான்கடித் தொட்டியைப் பார்த்தவர்கள், இவ்வளவு சுத்தமான தொட்டியைக் கண்டதில்லை என்பார்கள். அந்தப் புகழில் பாதி ரோஸ்லினைத்தான் சேர வேண்டும்.

கோபம் பழைய கோபம். பிள்ளை பிறந்தால் அத்தைதான் பேர் வைக்க வேண்டும் என்பது அவள் புருஷன் சின்னப்பராஜ் வீட்டு வழக்கம். அனிதாவுக்குப் பெண் பிறந்தபோது, அவள் மாதக்கணக்காக யோசித்து ஒரு பேரைத் தேர்ந்தெடுத்து, புருஷனிடம் சொல்லி, அவன் தன் அக்காளிடம் சொல்லி, அக்காள் "ஆகட்டும்லே" என்று தலையாட்டி, எல்லாம் பேசி முடித்திருந்தார்கள். ஞானஸ்நானத்தன்று கோயிலில் சாமியார், "குழந்தைக்கு என்ன பெயர்?" என்று கேட்டார். பிள்ளையை ஏந்தி நின்ற ரோஸ்லின், செத்துப்போன தன் அம்மாவின் பேரைக் கோயில் மணி அடித்தது மாதிரி, "வியாகுலமேரி!" என்று சொல்லிவிட்டாள். தண்ணீரும் ஊற்றியாயிற்று. அதற்குப் பிறகு யார் என்ன செய்ய முடியும்? வியாகுலம் என்றால் துக்கம். அந்தப் பிள்ளையோ, காரணமே இல்லாமல் சிரித்து வகுப்புக்கு வெளியே நிறுத்தப்படுகிற பிள்ளை. ஏழு வருஷமாக, மகளை ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் அனிதாவுக்கு நாத்தனார் முகம்தான் ஞாபகம் வந்தது. இது என்ன கொடுமை!

இத்தனைக்கும் இருவரையும் ஒட்டவைத்ததும் அந்த மீன் தொட்டிதான். அனிதா தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் டெக்னீஷியன். அளந்து ஊற்றுவதும் சொட்டுச் சொட்டாகச் சோதிப்பதும் அவளுக்குப் பிடித்த வேலைகள். கடலே இல்லாத பள்ளத்தாக்கில், வடிகட்டிய தண்ணீரில் பாக்கெட் உப்பைக் கரைத்துக் கடல் செய்து, அதற்குள் பவளம் வளர்க்கும் கிறுக்கு அவளைப் பிடித்தது. அல்லிநகரத்தில் ஜாக்கெட் தைக்கிற கடை வைத்திருக்கும் ரோஸ்லின், தம்பி வீட்டுக்கு வந்தபோது அந்தத் தொட்டியைப் பார்த்தாள். பார்த்தவள் சும்மா போனாளா? மறு மாதமே தன் வீட்டிலும் ஒன்றை வாங்கி நிறுத்திவிட்டாள்.

பவளம் என்றதும் மோதிரத்தில் பதிக்கிற சிவப்புக் கல்லை நினைக்க வேண்டாம். இது உயிருள்ள பூச்சி. கல்லாக இறுகி வளர்கிற பவளங்களை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி தப்பு என்பதால் இவர்கள் வளர்ப்பதெல்லாம் மெத்தென்ற பொத்தான் பவளங்கள். ஒரு துண்டுக் கல்லில் கூட்டமாக ஒட்டியிருக்கும். விளக்கைப் போட்டால் சட்டைப் பொத்தான் அளவுக்கு விரியும். நடுவில் இருப்பதை முகம் என்றும் சுற்றி மயிர்போல நிற்பதைப் பாவாடை என்றும் சொல்வார்கள். முகம் ஒரு நிறம், பாவாடை ஒரு நிறம். எந்த நிறத்தோடு எந்த நிறம் சேர்ந்திருக்கிறதோ அதற்குத் தக்கபடி ஒரு பேர். இந்தப் பேர் வைக்கிற பைத்தியம்தான் இந்தப் பொழுதுபோக்கில் பாதி.

அந்தப் பைத்தியத்தில் ஏமாந்தவர் தங்கப்பாண்டியன். வீடு கம்பத்தில், ஏலக்காய்த் தோட்டம் மேகமலையில், மனசு எப்போதும் தொட்டியில். தேனிப் பக்கம் பவளம் வளர்க்கும் ஐந்தாறு பேரைச் சேர்த்து வாட்ஸ்அப் குழு தொடங்கியவர் அவர்தான். ஒரு முறை மூன்று ஊர்களில் மூன்று வியாபாரிகளிடம், 'டிராகன் கண்', 'சூரிய கிரகணம்', 'ராஜபோதை' என்று மூன்று பவளங்களை ஆசை ஆசையாக வாங்கி வந்து ஒரே தொட்டியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பொங்கல் கழிவதற்குள் மூன்றும் ஒன்றுபோல ஆகிவிட்டன.

"மூணு பொண்ணு பாத்துட்டேன்னு நெனச்சு வந்தேன். ஒரே பொண்ணு மூணு சேலையில வந்து நின்னுருக்கு" என்று குழுவில் குரல் செய்தி போட்டார். சிரிக்காத ஆள் இல்லை.

அதற்கப்புறம்தான் அவர் ஏலத்தோட்டத்துச் சட்டத்தைக் குழுவுக்குள் கொண்டுவந்தார். தோட்டத்தில் ஒரு செடித்தூர் மட்டும் அமோகமாகக் காய்த்தால் உடனே புது ரகம் என்று குதிக்க மாட்டார்களாம். பக்கக் கன்றை எடுத்து வேறு தோட்டங்களில் ஊன்றிப் பார்ப்பார்களாம். அங்கேயும் அதே மாதிரி காய்த்தால்தான் ரகம். இல்லாவிட்டால் அது மண் செய்த வேலை. பவளத்துக்கும் அதேதான் என்றார். மூன்று தொட்டியில் நிறம் நின்றால் புதுசு, பேர் வைக்கலாம். நிற்காவிட்டால் அது தொட்டி செய்த வேலை.

படத்தில் ஏமாற்ற முடியாதபடி செய்தவள் ரோஸ்லின். நீல விளக்கில் படம் எடுத்தால் எந்த மூஞ்சியும் அழகாகத்தான் தெரியும் என்று சொல்லி, வெள்ளை வெளிச்சத்தில் பவளத்துக்குப் பக்கத்தில் கண்ணாடியோடு ஒட்டி நூல்கண்டு வைத்து எடுக்க வேண்டும் என்று விதி போட்டாள். இருநூறு நிறத்தில் நூல் வைத்திருக்கிற தையல்காரிக்குக் கண் தப்புமா? கத்திரிப்பூவுக்கும் வாடாமல்லிக்கும் வித்தியாசம் தெரியாத ஆண்பிள்ளைகள் எல்லாம் அவளிடம் பாடம் கேட்டார்கள்.

அப்படிப்பட்ட ரோஸ்லின்தான் ஒரு நாள் தன் தொட்டியில் இருந்த ஒரு பழுப்புப் பொத்தான் கல்லை வேண்டாம் என்று தூக்கி அனிதாவிடம் கொடுத்தாள்.

"இது ஒண்ணும் ஆகாது, அனிதா. சாக்கு கலர்ல கெடக்கு. வேணும்னா வச்சுக்க, இல்லாட்டி வீசிரு."

அனிதா வீசவில்லை. தொட்டி மூலையில் வைத்தாள். ஆறேழு மாதம் பழுப்பாகவே கிடந்தது. பிறகு ஒரு நாள் காலையில் விளக்கைப் போட்டபோது, கல்லின் ஓரத்தில் புதிதாக முளைத்திருந்த ஒரே ஒரு பொத்தான் மட்டும் வேறு மாதிரி இருந்தது. முகம் ஏலக்காய்ப் பச்சை. பாவாடை கனகாம்பர நிறம். இரண்டுக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு வாடாமல்லிக் கோடு. அனிதா பல் துலக்குவதை மறந்து நுரை வாயோடு அங்கேயே நின்றாள். அடுத்து வந்த குட்டிகளும் அதே நிறத்தில் வந்தபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. குழுவில் யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வெளியூர்க் குழுக்களில் கேட்டார்கள். அங்கேயும் இல்லை. தன் கண் முன்னால் பிறந்த ஒன்றுக்குத் தானே பேர் வைக்கப் போகிறோம் என்ற நினைப்பில் அவள் ஒரு வாரம் யாரிடமும் எரிந்து விழவில்லை.

அந்த ஒரு வாரம் முடிந்ததும் ரோஸ்லின் போன் செய்தாள்.

"கல்லு என் வீட்டுக் கல்லு. அங்கன வந்து பொறந்துருக்கு. அத்த நான் இருக்கேன்ல? நான்தான் பேர் வைப்பேன்."

"மதினி, அது பிள்ள இல்ல. பூச்சி."

"பிள்ளயோ பூச்சியோ, மொறன்னு ஒண்ணு இருக்கா இல்லியா?"

அனிதா பொங்கிவிட்டாள். "ஒரு தடவ மொறக்கு விட்டுட்டு ஏழு வருசமா முழிச்சுக்கிட்டு இருக்கேன். இன்னொரு தடவ விட மாட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள். அன்றைக்குக் கண்ணாடியை மூன்று பக்கமும் துடைத்தாள்.

பஞ்சாயத்து தங்கப்பாண்டியனிடம் போனது. அவர் அவசரப்படுகிற ஆள் இல்லை. இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை ரோஸ்லின் தொட்டியிலும் ஒன்றைத் தன் தொட்டியிலும் வைக்கச் சொன்னார். சின்னப்பராஜ் திராட்சைத் தோட்டத்தில் அப்போதுதான் கொடி வெட்டிவிடுகிற கவாத்து முடிந்திருந்தது. பழம் அறுக்கும் வரை கெடு. அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை குழு மொத்தமும் அனிதா வீட்டுக்கு வந்து பார்க்கும்.

"மூணு தொட்டியிலயும் நெறம் நிக்கணும். பாக்குற அன்னிக்கு உன் தாய்க்கல்லு விரிஞ்சிருந்தா நீ பேரு வையி, தங்கச்சி. தாய்க்கல்லு போயிருச்சுன்னா, யாரு தொட்டியில நல்லா நிக்குதோ அவுக வைக்கட்டும். பெறகு யாரும் மூஞ்சியத் தூக்கக் கூடாது."

இருவரும் சம்மதித்தார்கள். அனிதா பிளேடை எடுத்து இரண்டு துண்டு வெட்டினாள். நன்றாக இருந்த பிள்ளையைப் போட்டிக்கு அனுப்புகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

மாதா மாதம் நூல்கண்டுப் படம் வந்தது. தங்கப்பாண்டியன் தொட்டியில் துண்டு கொள்ளை அழகாக நின்றது. ரோஸ்லினோ முதல் மாதம் படமே போடவில்லை. இரண்டாம் மாதம் போட்டாள். பச்சை நூலுக்குப் பக்கத்தில் ஒரு பழுப்புப் பொத்தான். கீழே, 'பழையபடி சாக்கு கலராப் போச்சு' என்று எழுதியிருந்தாள். மூன்றாம் மாதமும் பழுப்பு. நேரில் பார்க்கலாம் என்று அனிதா கேட்டால், வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம் என்பாள், கல்யாண ஜாக்கெட் குவிந்து கிடக்கிறது என்பாள். வெள்ளையடிப்பது மூன்று மாதமா நடக்கும்?

"உங்க அக்கா என்னமோ பண்றாக" என்றாள் அனிதா புருஷனிடம்.

"அக்கா அப்பிடியெல்லாம் பண்ணாது" என்றான் சின்னப்பராஜ். அவன் நல்லவன். யார் மீதும் சந்தேகப்படத் தெரியாது. நல்லவர்களால்தான் வீட்டில் பெரிய சேதமெல்லாம் வரும் என்பது அந்த வார இறுதியில் நிரூபணமாயிற்று.

சனிக்கிழமை அனிதாவுக்கு ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க வேலை. மறுநாள் எல்லோரும் வருகிறார்களே, பெண்டாட்டி களைத்து வருவாளே என்று சின்னப்பராஜ் யோசித்தான். அவள் கரைத்து வைத்திருந்த உப்புத் தண்ணீரை எடுத்துத் தொட்டித் தண்ணீரைத் தானே மாற்றிவிட்டான். சாயங்காலம் அவள் வரும்போது தரையைக்கூடத் துடைத்து வைத்திருந்தான். தொட்டி விளக்கு அணைந்திருந்தது, பவளங்கள் எப்போதும்போல மூடியிருந்தன. அனிதா அசந்துபோய், "இந்த மனுசன் இருக்காரே!" என்று மனசுக்குள் உருகினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் விளக்கைப் போட்டாள். ஒரு பொத்தான்கூட விரியவில்லை. அரை மணி நேரம் பார்த்தாள். தாய்க்கல் முழுக்கச் சுருங்கி, காய்ந்த மூக்குக்கடலை மாதிரி கிடந்தது. மற்ற பவளங்களும் அப்படித்தான். மீன்கள் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி சுற்றின.

"என்னங்க, எந்த வாளியில தண்ணி ஊத்துனீக?"

"பின்னாடி இருந்துச்சே, பெருசு. நல்லாக் கழுவித்தான்..."

அனிதா பின்கட்டுக்கு ஓடினாள். வாளியின் விளிம்புக்கு அடியில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு படிவு. திராட்சைக்கு அடிக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலக்கிற வாளி! செம்பு உப்பு. கொடிக்கு மருந்து, பவளத்துக்கு எமன்.

"ஐயோ, என் குடியைக் கெடுத்தீகளே!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். சின்னப்பராஜ் முகத்தில் ஈயாடவில்லை. "ரெண்டு தடவ கழுவுனேன் புள்ள" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

திட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. பழகிய கடல் தண்ணீர் நிறைய வேண்டும், உடனே வேண்டும். புதிதாக உப்புக் கரைத்துத் தெளிய ஒரு நாள் ஆகும். தங்கப்பாண்டியன் முந்தின நாளே மேகமலைக்கு ஏறியிருந்தார், பவளத்துண்டையும் பெட்டியில் கூடவே கொண்டுபோயிருந்தார். நேராக இறங்கி வருவதாக ஏற்பாடு. கம்பத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. மற்றவர்கள் தொட்டியெல்லாம் சின்னது. இவ்வளவு தண்ணீர் தர மிச்சம் இருப்பது ஒரே தொட்டி. அனிதா கண்ணை மூடிக்கொண்டாள். யார் முன்னால் இன்றைக்குத் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று இருந்தாளோ, அவள் வாசலில் போய் நிற்க வேண்டும்.

பவளங்களைத் தெர்மகோல் பெட்டியில் வைத்துக்கொண்டு, பழம் ஏற்றுகிற குட்டியானை வண்டியில் கிளம்பினார்கள். வீரபாண்டி தாண்டும் வரை சின்னப்பராஜ் ஹாரன் அடிப்பதற்குக்கூடப் பயந்தான்.

அல்லிநகரத்தில் ரோஸ்லின் முதல் பூசைக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். தலையில் முக்காடுகூட இறங்கவில்லை. வாசலில் இவர்களைப் பார்த்ததும், "வாங்க" என்பதற்குப் பதிலாக, "எதுக்கு வந்தீக?" என்று கேட்டுவிட்டாள். கேட்டவள் விறுவிறுவென்று உள்ளே ஓடினாள். அனிதா பெட்டியோடு பின்னாலேயே நுழைந்தபோது, ரோஸ்லின் தொட்டியின் ஒரு பக்கத்தில் பெரிய துணியைத் தூக்கிப் போட்டு மூடிக்கொண்டிருந்தாள். சுவரில் வெள்ளையடித்த அடையாளம் மருந்துக்குக்கூட இல்லை.

"மதினி, கல்லு போச்சு" என்றாள் அனிதா. அழுதுவிட்டாள்.

சின்னப்பராஜ் தலையைக் குனிந்துகொண்டு வாளிக் கதையைச் சொன்னான். ரோஸ்லின் கேட்டுக்கொண்டு நின்றாள். பெட்டியை எட்டிப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"ஏலே, உனக்கு மூள இருக்கா? துத்த வாளியிலயா தண்ணி மாத்துவ? வெளக்கமாத்தால சாத்தணும் உன்னைய. போ, மாடியில புது டப்பு கெடக்கு, எடுத்தா!"

அடுத்து அவள் செய்ததைத்தான் அனிதா பிறகு எத்தனையோ பேரிடம் சொன்னாள். ரோஸ்லின் தொட்டியை மூடிய துணியை உருவி எறிந்தாள். தண்ணீர் இழுக்கிற குழாயைத் தொட்டிக்குள் விட்டாள். தன் தொட்டித் தண்ணீரில் பாதியை, அவள் வருஷக்கணக்காகப் பழக்கிய தண்ணீரை, ஒரு நொடி யோசிக்காமல் டப்புக்குத் திருப்பிவிட்டாள். செம்பு ஊறிய கல்லை நேரே தொட்டியில் போட்டால் தொட்டியும் கெடும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு டப்பில் அலசி, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி இழுத்து, மறுபடி அலசினாள். முக்காட்டுத் துணியும் புதுச்சேலையும் நனைந்தன. அவள் கவனிக்கவே இல்லை.

அப்போதுதான் அனிதா அதைப் பார்த்தாள். துணி மூடியிருந்த இடத்தில், பாதியாகக் குறைந்திருந்த தண்ணீருக்குள், அவள் வெட்டிக் கொடுத்த துண்டு. பழுப்பாவது ஒன்றாவது! முகம் ஏலக்காய்ப் பச்சை, பாவாடை கனகாம்பரம், நடுவில் வாடாமல்லிக் கோடு. கல் தெரியாமல் நெருக்கி நெருக்கி விரிந்திருந்தது. அனிதாவின் தாய்க்கல்லே இவ்வளவு செழிப்பாக இருந்ததில்லை.

"மதினி..."

ரோஸ்லின் திரும்பவில்லை. அலசிக்கொண்டே பேசினாள்.

"ஆமா. வந்த மொத வாரத்துல இருந்து அப்பிடித்தான் நிக்குது. நான்தான் வேற ஒரு பழுப்புக் கல்ல எடுத்துப் படம் போட்டேன். மூணு தொட்டியிலயும் நின்னுச்சுன்னா நீ பேரு வச்சிருவ. அப்பறம் எனக்கு அங்கன என்ன வேல?"

"இதுக்குப் போயா பொய் சொன்னீக?"

"உனக்கு இது 'இதுக்குப் போயா'தான். எனக்கு வேற என்ன இருக்கு? பயலுக ரெண்டு பேரும் கோயமுத்தூர்ல. மாசத்துக்கு ஒரு போனு. உங்க வீட்டுல ஒரு நல்லது கெட்டது முடிவு பண்ணும்போது யாராவது என்னையக் கேட்டீகளா? பேரு வைக்கிற அன்னிக்குத்தான் அத்தயக் கூப்புடுன்னு தேடுவீக. அந்த ஒரு நாளு நான் ஒரு ஆளு." அவள் குரல் உடைந்தது. "அம்மா பேரச் சொன்னதும் தப்புத்தான். அம்மா போயி அப்ப நாப்பது நாளுகூட ஆகல. வாயைத் தொறந்தேன், அம்மா பேருதான் வந்துச்சு. நீ சொல்லிவிட்ட பேரு எனக்கு ஞாபகமே வரல, அனிதா. சத்தியமா வரல."

அனிதா இத்தனை வருஷமும் அதை அடாவடி என்றுதான் நினைத்திருந்தாள். அம்மாவைப் புதைத்த ஈரம் காயாத ஒரு மகள் பிள்ளையை ஏந்தி நின்றாள் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. கோபம் போய்விட்டதா என்றால் முழுக்கப் போகவில்லை. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டிருந்த கை தளர்ந்துவிட்டது. அவளும் சேலையைச் சொருகிக்கொண்டு டப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கல்லை அலசினாள்.

குழுவை அல்லிநகரத்துக்கே வரச் சொல்லிச் சின்னப்பராஜ் செய்தி போட்டான். மத்தியானம் தங்கப்பாண்டியன் மலையிலிருந்து இறங்கி வந்தார். மற்றவர்களும் வந்தார்கள். தங்கப்பாண்டியன் கையைக் கழுவிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெள்ளை விளக்கைப் போடச் சொன்னார். தன் துண்டைப் பெட்டியிலிருந்து எடுத்து ரோஸ்லின் தொட்டியில் அவள் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தார். விரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதுவரை எல்லோரும் காப்பி குடித்தார்கள். விரிந்ததும் ரோஸ்லின் நூல்கண்டுகளைக் கொண்டுவந்தாள். பச்சை ஒத்துப்போனது. கனகாம்பரம் ஒத்துப்போனது. வாடாமல்லியும் ஒத்துப்போனது. நிறம் நின்றுவிட்டது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. டப்பில் தாய்க்கல் மட்டும் மூடியே கிடந்தது.

தங்கப்பாண்டியன் ரோஸ்லின் பக்கம் திரும்பினார். "இம்புட்டு அழகா நிக்குது. நீங்க பழுப்பாப் போச்சுன்னுல்ல படம் போட்டீக?"

ரோஸ்லின் நூல்கண்டைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள். அவள் விதி போட்ட நூல்கண்டு. அதை வைத்து அவளே ஏமாற்றினாள் என்று தெரிந்தால் இனி இந்தக் குழுவில் அவள் எப்படி முகம் காட்டுவாள்? ஒரு வார்த்தை போதும். அனிதா அந்த வார்த்தையைச் சொன்னால் ரோஸ்லினுக்குப் பேர் வைக்கிற தகுதி போய்விடும், தங்கப்பாண்டியனும் விட்டுக்கொடுப்பார், பேர் அனிதா கைக்கு வந்துவிடும். அவளுக்கு அது நன்றாகவே தெரிந்தது.

"வெளக்குக்கு ரொம்ப ஒட்டி வச்சிருந்தாகண்ணே" என்றாள் அனிதா. "சூட்டுல நெறம் அடங்கிருச்சு. தள்ளி வைக்கவும் தெளிஞ்சிருச்சு. நான் பாத்தேன்."

லேப் டெக்னீஷியன் சொன்னால் மறுப்பேது? தங்கப்பாண்டியன் தலையாட்டினார். ரோஸ்லின் அனிதாவை ஒரு பார்வை பார்த்தாள். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்பச் சரி. தாய்க்கல்லு விரியல. எனக்கும் வருத்தந்தான், தங்கச்சி. ஆனா பேசுனது பேசுனதுதான். ரோஸ்லின் தொட்டியிலதான் அருமையா நிக்குது. அவுகளே பேரு வைக்கட்டும்."

அனிதா சரி என்றாள். இன்னொரு முறையும் கை நழுவிப் போய்விட்டது. புருஷன் பக்கம் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்தாள். மறுபடி ஏதாவது ஒரு பழைய பேர் வரும், துக்கமோ, வேதனையோ. வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ரோஸ்லின் முக்காட்டைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். கோயிலில் நின்ற மாதிரியே நிமிர்ந்து நின்றாள்.

"அனிதா மேரி!" என்றாள், மணியடித்த மாதிரி.

கூப்பிடுகிறாள் என்று நினைத்து, "என்ன மதினி?" என்றாள் அனிதா.

"உன்னையக் கூப்புடல. பேரு வச்சேன். அதுக்கு அனிதா மேரின்னு பேரு வச்சிருக்கேன்."

தங்கப்பாண்டியன் கண்ணாடியைக் கழற்றினார். "ஆளு பேரா? டிராகனு, கிரகணம்னுல்ல வைப்பாக?"

"வைப்பாக, வைப்பாக. ஒரே பொண்ண மூணு சேலையில காட்டுறவுக வைப்பாக. இந்தக் கல்லு என் தொட்டியில ரெண்டு வருசம் கெடந்துச்சு, அண்ணே. இருநூறு கலரு தெரிஞ்ச நான் சாக்குன்னு சொல்லி வீசுனேன். இவ வீசல. இவ பாத்துக்கிட்டே இருந்தா. அதுதான் பூத்துச்சு. வேற யாரு பேர வைக்க?"

குழுவில் யாரோ கை தட்டினார்கள். சின்னப்பராஜ் எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினான். காலையிலிருந்து தட்ட ஏதாவது கிடைக்காதா என்று தவித்துக்கொண்டிருந்தவன் அல்லவா? அனிதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தன.

"இப்பவும் நீங்கதான் வச்சீக! இந்தத் தடவயும் என்னைய ஒரு வார்த்த கேக்கல!"

"கேட்டா நீ வேண்டாம்ப" என்றாள் ரோஸ்லின். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஈரச்சேலையோடு ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஆண்பிள்ளைகள் எல்லாம் அவசர அவசரமாகப் பவளத்தைப் பார்த்தார்கள்.

தாய்க்கல்லில் பெரும்பகுதி போய்விட்டது. மிச்சம் இருந்த ஒன்றிரண்டு பொத்தான்கள் பத்துப் பதினைந்து நாளில் கண் திறந்தன. சின்னமனூர்த் தொட்டியை முழுக்கக் காலி செய்து கழுவ வேண்டியதாயிற்று. கழுவியவன் சின்னப்பராஜ். புது வாளி வாங்கி, அதில் சிவப்புப் பெயின்ட்டால் 'கடல்' என்று எழுதி வைத்தான். அது வரை 'அனிதா மேரி' அல்லிநகரத்தில்தான் இருந்தாள்.

பேர் காட்டுத்தீ மாதிரி பரவியது. தங்கப்பாண்டியன் காலையில் குழுவில், 'அனிதா மேரி ரெண்டு குட்டி போட்டுருக்கா, சொகமா இருக்கா' என்று செய்தி போடுவார். அனிதாவின் போனில் அதைப் படித்து ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் பதறிப்போய் விசாரித்ததும் நடந்தது. வியாகுலமேரி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்து, பாவம், மறுபடி வகுப்புக்கு வெளியே நின்றாள்.

ஒரு நாள் சாயங்காலம் அனிதா வேலை முடிந்து வந்து உட்கார்ந்தபோது, முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து போனில் செய்தி வந்திருந்தது. கொச்சிப் பக்கத்துக்காரர். 'அனிதா மேரி ஒரு துண்டு கிடைக்குமா?' என்று கேட்டிருந்தார். சின்னப்பராஜ் தோளுக்கு மேலாக எட்டிப் படித்து, "கட்டிக்கிட்டாச்சு, கெடைக்காதுன்னு சொல்லு" என்று சிரித்தான். அவள் அவனை முழங்கையால் இடித்தாள். தரலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு ரோஸ்லினின் நம்பரை எடுத்துப் போட்டு, கீழே பதில் எழுதினாள்.

'அவளுக்கு அத்தை அல்லிநகரத்துல இருக்காக. அவுகளக் கேக்காம நான் எதுவும் சொல்ல முடியாது.'